ஸ்கவுட் முகாம் பரிசோதனை: குழந்தை மருத்துவரா, மருந்துக்கடை கிளினிக்கா?

அமெரிக்காவில் ஸ்கவுட் முகாம் 72 மணி நேரத்தைத் தாண்டினால், பிள்ளையின் உடல்நலப் படிவத்தில் ‘சி’ பகுதிக்கு உடல் பரிசோதனையும் பரிசோதித்தவரின் கையெழுத்தும் வேண்டும். சரி, எங்கே போவது? வழக்கமான குழந்தை மருத்துவரிடமா, மருந்துக்கடைக்குள்ளேயே இருக்கும் கிளினிக்குக்கா?

செலவு: ஆண்டுப் பரிசோதனையோடு சேர்த்தால் குழந்தை மருத்துவரிடம் பெரும்பாலும் காப்பீடே ஏற்கும். கிளினிக்கில் பொதுவாகக் கைக்காசு.

நேரம்: கிளினிக்கில் சீக்கிரம் முடியும்.

விவரம்: எனக்கு இதுதான் முக்கியம். தடுப்பூசி, ஆஸ்துமா, வேர்க்கடலை ஒவ்வாமை எல்லாம் மருத்துவரின் பதிவில் இருக்கும். கிளினிக்கில் பிள்ளையை அன்றுதான் முதல்முறை பார்ப்பார்கள். நாம் சொல்ல மறந்தது படிவத்திலும் விடுபடும்.

நோய்நொடி இல்லாத பிள்ளை, முகாம் தொடங்கப் பத்தே நாள்தான் இருக்கிறது என்றால் கிளினிக் போதும். ஒவ்வாமையோ தினசரி மருந்தோ இருந்தால் மருத்துவரிடமே போங்கள். கையெழுத்து 12 மாதம் செல்லும். அதனால் கோடை முகாமுக்கு மார்ச்சிலேயே நேரம் வாங்கிவிடலாம்.