நொடி முள் பார்த்து வாங்குகிறவள்

கடைக்காரர்கள் என் மணிக்கட்டைப் பார்த்தவுடன் பெண்களுக்கான தட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள். புளியங்கொட்டை அளவு டயல், எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கல், வளையல் மாதிரி ஒரு செயின். நொடி முள் எங்கே என்று கேட்டால், "லேடீஸ் மாடலில் அது வராது மேடம்" என்பார்கள். டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. பெண்ணுக்கு நொடி எதற்கு என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

நான் செவிலியர். மதுரையில் பல ஆண்டுகள் வார்டில் நின்று, இப்போது ஓய்வில் இருக்கிறேன். வீட்டு அலமாரியில் ஒரு மரப்பெட்டி நிறைய வாட்ச் இருக்கிறது. விலை உயர்ந்தது என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சுவிஸ் பெயர் போட்டவை சேகரிப்பவர்கள் அதைப் பார்த்தால் மூடிவைத்துவிட்டுக் காபி கேட்பார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில், சிலவற்றை ஆண்டுக்கணக்கில், வேலைக்குக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

செவிலியருக்கு வாட்ச் மணி பார்க்க மட்டும் அல்ல. வார்டுச் சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது. மணியை அதில் பார்த்துக்கொள்ளலாம். கையில் கட்டுவது எண்ணுவதற்காக. நாடித் துடிப்பு, மூச்சு, குளுக்கோஸ் துளி. 500 மில்லி பாட்டிலை எட்டு மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டுப் போய்விடுவார். சாதாரண டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 துளி. ஆக 10,000 துளி, 480 நிமிடம். நிமிடத்துக்கு 21 துளி. துளிக்குழாய்க்குப் பக்கத்தில் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண் துளியிலும் ஒரு கண் முள்ளிலும் வைத்து, 15 நொடிக்கு ஐந்து துளி விழும்வரை சக்கரத்தை உருட்டவேண்டும். இப்போது பல இடங்களில் பம்ப் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் நாங்கள்தான் பம்ப்.

நர்சிங் படிப்பு முடித்தபோது அப்பா ஓர் எச்எம்டி பெண்கள் வாட்ச் வாங்கிக்கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது. இரவுப் பணியின் மங்கல் வெளிச்சத்தில் அதன் நொடி முள் கண்ணுக்கே தெரியாது. அண்ணனிடம் எச்எம்டியின் ஆண்கள் மாடலான ஜனதா ஒன்று இருந்தது. பேச்சுவார்த்தை நடத்தி அதை வாங்கிக்கொண்டேன். அவர் மனைவிக்கு என் சின்ன வாட்ச் போனது. இரு வீட்டிலும் அந்தப் பரிமாற்றத்தில் யாருக்கும் வருத்தம் இல்லை.

ஜனதாவைப் பற்றி நம் ஊரில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கைகோத்து எச்எம்டி 1961இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. அந்த வழியில் வந்தது இது. 17 ஜுவல் (சக்கர அச்சுகள் தேயாமல் தாங்கும் சின்னக் கற்கள்), தினமும் சாவி கொடுக்கவேண்டும், நடுவில் நீளமான நொடி முள், 35 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் அடங்கும் வெள்ளை டயல், தெளிவான எண்கள். பெண் கைக்குப் பெரியது என்று அப்போது சொன்னார்கள். இப்போது 42, 44 என்று தட்டு தட்டாகக் கட்டிக்கொண்டு திரிகிறவர்கள் அதைச் சின்னது என்கிறார்கள். என் மணிக்கட்டு இடையில் மாறவில்லை.

சேகரிப்பாளர்கள் கூடினால் பேச்சு எப்போதும் துல்லியத்தில் போய் நிற்கும். என் வாட்ச் நாளுக்கு ஐந்து நொடிதான் பிசகும், உன்னுடையது இருபது நொடி என்று. எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பு வரும். நாளுக்கு அரை நிமிடம் முந்துகிற வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 1,440 நிமிடம். அப்படியானால் ஒரு நிமிடம் நாடி பிடிக்கையில் அது பிசகுவது ஒரு நொடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. எந்த நோயாளியின் நாடியும் அதனால் மாறிவிடாது. மாறாக, நாளுக்கு ஒரு நொடிகூடப் பிசகாத வாட்சில் முள் டயலோடு நிறம் கலந்து மறைந்தால் எண்ணிக்கையே போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற முள், நிமிடக் கோடுகளைத் தொடும் நீளம், டயலுக்கு எதிரான நிறம். இந்த மூன்றும் இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பிறகு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்தது. உலகத்துக்கு அது 1969 டிசம்பரிலேயே செய்கோவின் ஆஸ்ட்ரான் வழியாக வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வந்தது டைட்டானோடு. டாடாவும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய நிறுவனம், தொழிற்சாலை ஓசூரில். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்கு வைக்கும் வாட்ச் எச்எம்டியிலிருந்து டைட்டானுக்கு மாறியதை நான் கண்ணால் பார்த்தவள். உள்ளே ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது; மின்சுற்று அதைப் பாதி பாதியாக 15 முறை குறைத்து நொடிக்கு ஒரு துடிப்பாக்குகிறது. முள் ஒவ்வொரு நொடிக்கும் ஓர் எட்டு வைக்கும்.

எண்ணுகிறவளுக்கு இந்த எட்டு பெரிய உதவி. சாவி கொடுக்கும் ஜனதாவில் முள் நொடிக்கு ஐந்து சின்ன அசைவாக நகர்ந்து வழுக்கிக்கொண்டே போகும். பார்க்க இதமாக இருக்கும், பதினைந்தாவது கோட்டில் 'நிறுத்து' என்று சொல்லாது. குவார்ட்ஸ் சொல்லும். அதனால் வேலைக்கு எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு குவார்ட்ஸ் என்பேன். ஆனால் வாங்குமுன் கடையிலேயே ஒரு நிமிடம் நின்று முள்ளைப் பாருங்கள். பல வாட்சுகளில் அது கோட்டில் விழாமல் இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அந்த வாட்சை நிம்மதியாகக் கட்ட முடியாது. இன்னொன்று: பேட்டரி தீரும் தறுவாயில் பல குவார்ட்ஸ் வாட்சுகளின் நொடி முள் நான்கு நொடிக்கு ஒருமுறை தாவும். பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் ரிப்பேருக்குக் கொண்டுபோகிறார்கள். பேட்டரி மாற்று என்று அது சொல்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊர் வெயிலுக்கும் குவார்ட்ஸுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் படிகங்கள் 25 டிகிரியை ஒட்டிச் சரியாக அதிரும்படி வெட்டப்படுகின்றன. அதைவிடச் சூடு ஏறினாலும் இறங்கினாலும் வேகம் குறையும். சித்திரை மாதத்தில் மாடி அறை மேசையில் கிடக்கும் வாட்ச் பிந்துவதற்கும், கையில் கட்டியிருப்பது ஒழுங்காக ஓடுவதற்கும் காரணம் இதுதான். உடம்பின் சூடு நிலையாக இருக்கிறது. மதுரை மாடியின் சூடு அப்படி இல்லை.

என் கணவரிடம் டைட்டான் எட்ஜ் இருக்கிறது. 2002இல் வந்தபோது பேசாதவர் இல்லை: மொத்தக் கனமே மூன்றரை மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். ஓசூரில் இப்படிச் செய்தார்கள் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் நொடி முள் கிடையாது. ஆகவே அது அவருடைய வாட்ச்.

துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்த செய்கோ 5, என் பெட்டியில் இருக்கும் ஒரே ஆட்டோமேட்டிக். 7எஸ்26 என்ற இயந்திரம் போட்ட வகை. கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் வரும். கையை அசைத்தால் தானே முறுக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து சாவி கொடுக்க வழி இல்லை. சாவியை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. வானொலிச் செய்தி நேரத்துக்கு நொடி சுத்தமாக வைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை வாங்கவேண்டாம். ஆனால் அடி தாங்கும். வார்டில் கை கட்டில் கம்பியில் இடிக்காத நாள் உண்டா? இரண்டு நாள் விடுப்பில் கழற்றிவைத்தால் நின்றுபோகும். பணிக்குக் கிளம்பும் அவசரத்தில் தேதி, கிழமை எல்லாம் திருகவேண்டும். அதற்காகவே மெல்ல மெல்ல அது ஞாயிற்றுக்கிழமை வாட்சாகிவிட்டது.

காசியோ எஃப்-91 டபிள்யூ பற்றி ஒரே பத்தி போதும். மலிவு, ஏழு ஆண்டு ஓடும் பேட்டரி, காற்று மாதிரி கனம். நாடி எண்ண மட்டும் உதவாது. எண்ணாக ஓடும் நொடியைப் பார்த்துக்கொண்டே துடிப்பையும் எண்ணினால் இரண்டு எண்ணும் மூளையில் மோதிக்கொள்ளும். முள் என்றால் கண் இடத்தைப் பார்க்கும், மனம் எண்ணும்.

கைக்கு வார் எது என்பது நம் ஊரில் பெரிய கேள்வி. தோல் வார் பங்குனி தொடங்கினால் வியர்வையில் நாறத் தொடங்கும். கை கழுவிக் கழுவி ஈரமாகவே இருக்கும் செவிலியருக்குச் சுத்தமாக ஆகாது. ஸ்டீல் செயின் நல்லதுதான், இணைப்புகளுக்குள் அழுக்குச் சேரும். பழைய பல்துலக்கியும் சோப்பும் மாதம் ஒருமுறை வேண்டும். நான் நைலான் வாரில் நின்றுவிட்டேன். இரவில் துவைத்துக் காயப்போட்டால் காலையில் தயார். பித்தளைமேல் குரோம் பூசிய பழைய வாட்சுகளை வைத்திருப்பவர்கள் வியர்வையை லேசாக எண்ணவேண்டாம். வார் மாட்டும் கொம்புகளின் அடியில் பூச்சு உரிந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், இன்னும் பல காலம் வரும்.

பணியின் பிற்பகுதியில் தொற்றுத் தடுப்பு விதி வந்தது: முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது. வளையலும் போனது, வாட்சும் போனது. சட்டைப் பையருகே ஊசியால் குத்தும், தலைகீழாகத் தொங்கும் வாட்சுக்கு மாறினேன். குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும், அடுத்தவருக்குத்தான் தலைகீழ். விதி சரியானது. ஆனாலும் ஓய்வு பெற்ற மறுநாள் நான் முதலில் செய்த வேலை ஜனதாவுக்குச் சாவி கொடுத்ததுதான்.

டவுன்ஹால் ரோட்டுக்கு அடுத்த சந்தில் வாட்ச் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, நெற்றியில் ஏற்றிவைத்த லென்ஸ். ஒரு சமயம் ஜனதா ஒரே நாளில் பல நிமிடம் முந்த ஆரம்பித்தது. எடுத்துக்கொண்டு போனேன். அவர் திறக்கக்கூட இல்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து அதன்மேல் வாட்சை நகர்த்தினார். ஊசி துள்ளித் திரும்பியது.

"காந்தம் ஏறியிருக்கிறது சிஸ்டர். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தீர்களா?"

"எம்ஆர்ஐ அறை வாசல்வரை ஒரு நோயாளியோடு போனேன் பாய்."

"அப்படியானால் ஸ்பீக்கர் பாவம்" என்று சிரித்தார்.

உள்ளே பேலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் முடியளவு ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததற்குச் சமம், சக்கரம் வேகமாக ஆடும், வாட்ச் முந்தும். நீல நிறக் காந்த நீக்கிமேல் வைத்துப் பொத்தானை அழுத்தி, வாட்சை மெல்ல மேலே தூக்கினார். மறுபடி திசைகாட்டி, ஊசி அசையவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார். கொண்டுபோன முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதற்குப் பிறகு விலை ஏறியது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. இணையத்தில் பளபளவென்று சிவப்பு, ஆரஞ்சு, மயில் நீல டயலோடு 'பழைய எச்எம்டி' என்று விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்தவை. எழுத்தைப் பாருங்கள்: ஓரம் மழுங்கியிருக்கும், நிமிடக் கோடுகள் வட்டத்தில் சீராக இருக்காது. முள் புதிதாகவும் சாவி தேய்ந்தும் இருந்தால் சந்தேகப்படுங்கள். லேசாக மஞ்சளேறிய, ஒன்றிரண்டு புள்ளி விழுந்த உண்மையான டயல் எனக்குப் போதும். கண்ணாடி கீறியிருந்தால் கவலைப்படவே வேண்டாம். பெரும்பாலும் அது அக்ரிலிக், நுண்ணிய பாலிஷில் தேய்த்தால் தெளிந்துவிடும்.

மகள் ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கித் தந்தாள். தோலுக்குள் பச்சை ஒளியை அனுப்பி, ரத்தம் ஓடும்போது அது எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்து நாடியை எண்ணுகிறது. விரல் வைத்து ஜனதாவில் எண்ணிப் பார்த்தேன், இரண்டும் ஒத்துப்போயின. ஒத்துப்போனது எனக்கு லேசான ஏமாற்றம்தான். ஆனால் நாடி நூல் மாதிரி மெலிந்து ஓடுகிறதா, நிரம்பித் துள்ளுகிறதா என்று விரல் சொல்வதை அது சொல்லவில்லை. தினமும் சார்ஜ் வேறு. நடைப்பயிற்சிக்குக் கணவர் கட்டிக்கொள்கிறார். எட்ஜ் அலமாரிக்குப் போய்விட்டது.

இப்போது நான் தேடுவது எச்எம்டி பைலட். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், இருட்டில் ஒளிரும் முள். இரவுப் பணிக்கு அன்றே அது கிடைத்திருக்கவேண்டும். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு வந்ததைப் பார்த்தேன். ஒன்றுக்கு மறுபெயின்ட், மற்றதற்கு நொடி முள்ளே இல்லை. பிந்தையதன் விலையை எண்ணூறு ரூபாய்க்கு இறக்கிவிட்டேன். முள்ளைப் பாய் தன் தகரப் பெட்டியில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கிடைத்தால் அடுத்த ஞாயிறு மறுபடி போகவேண்டும், அதற்குள் வேறு யாரும் தூக்கிப்போகாமல் இருந்தால்.