பெரம்பூரா, தாம்பரமா: ஒரு குடிநோயாளியின் வழிக்கணக்கு

என் வீடு பெரம்பூரில். குடியை விடுவதற்காக நான் முதலில் தேடிப்போன ஏ.ஏ. கூட்டமோ, அதாவது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமோ, தாம்பரத்தில். நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எல்லாம் வெட்கம்தான், தெரிந்த முகம் ஒன்றுகூடக் கண்ணில் பட்டுவிடக் கூடாது. 7 வாரம் அப்படி அலைந்த பிறகு, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு தேவாலயத்தின் பின்னறையில் கூடும் தமிழ்க் கூட்டத்துக்கு மாறினேன்.

கதவுக்கு உள்ளே இரண்டும் ஒன்றுதான். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் இன்றும் நடப்பது அந்தப் பேச்சுதான். கட்டணம் கிடையாது, பை சுற்றி வரும், முடிந்தால் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். பேசப் பிடிக்காத நாளில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். தேவாலய அறை என்றதும் ஜெபக்கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இடம் கிடைத்தது, கூடுகிறோம்.

வித்தியாசமெல்லாம் திரும்பி வரும் வழியில்தான்.

தாம்பரத்தில் கூட்டம் இரவு 8.30க்கு முடியும். மின்சார ரயிலில் பார்க் நிலையம், சாலையைக் கடந்து சென்ட்ரல், அங்கிருந்து பெரம்பூருக்கு இன்னொரு ரயில். இறங்கும்போது மணி 9.50 ஆகியிருக்கும். டாஸ்மாக் மூடுவது 10 மணிக்கு. 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்ற பதற்றம் கால்களை எப்படி இழுக்கும் என்பது குடித்தவனுக்குத்தான் தெரியும். மாலை முழுக்க மனம்விட்டுப் பேசிக் களைத்திருப்போம், பசி வேறு. ஏழாவது வாரம் அந்தப் பத்து நிமிடத்தில் தோற்றேன். பகிர்தலில் கேட்ட குரல்கள் காதில் இருக்கும்போதே ஒரு குவார்ட்டர் வாங்கினேன்.

பக்கத்துக் கூட்டத்தில் அந்த இடைவெளியே இல்லை. 8.30க்கு முடிந்தால் 8.45க்குத் தட்டில் இட்லி. அதைவிட முக்கியம், அங்கே வருகிறவர்கள் எல்லோரும் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். நான் தடுமாறியதைச் சொன்ன அன்று மூத்த உறுப்பினர் ஒருவர் தோளில் கைவைத்து, "தம்பி, நாளைக்கு உன்னைக் காணவில்லை என்றால் வீட்டுக்கே வந்துவிடுவேன்" என்றார். மறுநாள் மழை. வரமாட்டார் என்று நினைத்தேன். குடையோடு வாசலில் நின்றார். தாம்பரத்து நண்பர்களும் அன்பானவர்கள்தான். ஆனால் அவர்களால் போனில் பேசத்தான் முடியும்.

சரி, யாரும் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். மூன்றாம் நாளே நன்றாகத் தெரிந்த முகம் ஒன்று எதிர் நாற்காலியில் இருந்தது. யாரென்று எழுத மாட்டேன்; அங்கே கண்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அவரும் என்னைப் பற்றி வெளியே மூச்சுவிடவில்லை. நான் தெருவில் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்த பிறகு, எழுந்து நடப்பதை மட்டும் யாரிடமிருந்து மறைக்கப் போனேன் என்று பிறகுதான் தோன்றியது.

குறையும் உண்டு. எட்டுப் பத்துப் பேர்தான் வருவார்கள், ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும். ஒருநாள் சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போய்விட, வாசற்படியிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைந்தோம். தாம்பரத்தில் கூட்டம் பெரிது, பல வருடம் குடிக்காமல் இருப்பவர்களும் அதிகம். அரசு வேலை, கல்லூரி வேலை என்று பெயர் கெடுவதற்கு நிஜமாகவே அஞ்ச வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குத் தூரத்துக் கூட்டம் சரியாக இருக்கலாம். அவர்கள் பகல் நேரத்தில் கூடும் இடமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

இணையவழிக் கூட்டத்தில் நான் நான்கு முறைதான் கலந்துகொண்டேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. இரவுப் பணிக்காரர்களுக்கு உதவும். எனக்கு ஒத்துவராததற்குக் காரணம், கேமராவை அணைத்துவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. எங்கள் அறைக்குப் பெண்கள் வருவதில்லை, ஆகவே அவர்களுக்கு எது வசதி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

சிகிச்சை மையத்தை இவற்றோடு போட்டிக்கு நிறுத்துவது தவறு. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை. வீட்டார் தங்களுக்கென்றே இருக்கும் அல்-அனான் கூட்டத்துக்குப் போகலாம்.

இடத்தைத் தேடும்போது ஒன்று: பழைய பட்டியலை நம்பிக் கிளம்பாதீர்கள். நாளும் நேரமும் மாறிவிடும். ஏ.ஏ. உதவி எண்ணுக்குப் பேசி, திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்த கூட்டம் என்றால் மனைவியோ அண்ணனோ கூடவே வந்து உட்காரலாம். முதல் நாளுக்கு அது பெரிய துணை.

எங்கள் அறைக்கும் என் வீட்டுக்கும் நடுவிலும் ஒரு டாஸ்மாக் இருக்கிறது. தேவாலயத்தின் பின்வாசல் வழியாகப் போனால் அது கண்ணில் படாது, நான்கு நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டும். இன்றும் பின்வாசல் வழியாகத்தான் போகிறேன்.