வளைந்த மடக்குக் கத்திக்கு வீட்டில் எந்தச் சாணை?

ஓப்பினல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் எண் 8 மடக்குக் கத்தியில் என்னிடம் இரண்டு வகை உண்டு. ஒன்று எல்லோரும் பார்த்திருக்கும் சாதாரணக் கத்தி. எட்டரை சென்டிமீட்டர் அலகு, முனைப்பக்கம் வயிறு வைத்தாற்போல மெல்ல வளைந்து மேலேறும். இன்னொன்று கவாத்துக் கத்தி. அதன் வாய், அதாவது வெட்டும் ஓரம், கிளிமூக்குபோல உள்ளே வளைந்திருக்கும். இரண்டுக்கும் பிடி ஒரே மாதிரி, பூட்டு வளையமும் ஒரே மாதிரி, எஃகும் துருப்பிடிக்காத எஃகுதான். ஆனால் முதல் கத்தியை அழகாகத் தீட்டித் தரும் கருவி இரண்டாவதைக் கெடுத்துவிடும். ஆகவே கருவி வாங்கும் முன் விலையையும் பெயரையும் பார்ப்பதைவிட, உங்கள் கத்தியின் வாய் எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். வெளியே வளைந்தால் ஏறக்குறைய எல்லாக் கருவியும் உதவும். உள்ளே வளைந்தால் பாதிக்கு மேல் கழித்துவிடலாம்.

காரணம் எளிது. தட்டையான கல்லை உள்வளைவில் வைத்தால் கல்லின் இரண்டு ஓரங்கள்தான் வாயைத் தொடும், நடுவில் இடைவெளி நிற்கும். அந்த இரண்டு இடங்கள் மட்டும் தேய்ந்து பள்ளம் விழும். தொடும் பகுதி குறுகலாகவோ உருண்டையாகவோ இருந்தால்தான் வளைவின் அடிவரை போகும்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுகிறேன். பாத்திரக் கடைகளில் கிடைக்கும், கத்தியை இடுக்கில் விட்டு இழுக்கும் சின்னச் சாணை. என் கவாத்துக் கத்தியை அதில் நாலு இழுப்பு இழுத்தேன். முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை ஒன்றும் படவில்லை. பிடிக்கு அருகே மட்டும் ரம்பம்போலப் பிராண்டிவிட்டது. அந்தக் காயத்தைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மாலை ஆனது. சமையலறைக் கத்திக்கு அவசரத்துக்கு ஆகும். வளைந்த மடக்குக் கத்திக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தட்டைக் கல். வெளிவளைவுக் கத்திக்கு இதைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன், ஆனால் கை பழக வேண்டும். வாயின் நேரான பகுதியில் கோணம் தானாக நிற்கும். வயிறு தொடங்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முனையை நோக்கிப் போகப் போகப் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் முனைப்பக்கம் கோணம் குறைந்து அலகின் பக்கவாட்டில்தான் கீறல் விழும். அலகு 2 சென்டிமீட்டர் அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து சுமார் 7 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் 20 டிகிரி. அந்த 7 மில்லிமீட்டர் கைக்குப் பழகும்வரை மார்க்கர் பேனாவால் வாயோரம் மை தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு தேய்ப்புக்குப் பிறகு மை எங்கே போயிருக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் எங்கே தவறுகிறோம் என்பது தெரிந்துவிடும்.

லான்ஸ்கி போன்ற பிடிப்பான் வகை, கை பழகாதவர்களுக்காக வந்தது. அலகின் முதுகைக் கவ்விப் பிடித்து, கம்பி செருகிய கல்லை ஒரு துளை வழியாக ஓட்ட வேண்டும். 17, 20, 25, 30 டிகிரிக்குத் தனித்தனித் துளைகள் உண்டு. இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. துளையின் உயரம் மாறாது, ஆனால் துளைக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மாறும். தூரம் கூடினால் கோணம் குறையும். வெளிவளைவுக் கத்தியில் முனைப்பக்கம் வாய் முதுகை நோக்கி ஏறுவதால், கூடும் தூரம் ஓரளவு ஈடாகிவிடும். பிடிப்பானைச் சரியான இடத்தில் மாட்டினால் வயிறு முழுக்கக் கோணம் சீராக வரும். கிளிமூக்குக் கத்தியில் இதுவே தலைகீழ். முனை கீழ்நோக்கி விலகிப் போவதால் அங்கே கோணம் இன்னும் குறைகிறது, போதாததற்குக் கல்லும் தட்டை. இந்தக் குறையை நீக்க வளைவான முகம் கொண்ட கற்களை லான்ஸ்கியே தனியாக விற்கிறது. உள்வளைவுக்காக லான்ஸ்கி வாங்குவதென்றால் அந்தக் கற்களையும் சேர்த்து வாங்குங்கள்.

பெல்ட் ஓடும் மின்சாதனங்களில் பெயர் பெற்றது வொர்க் ஷார்ப். பெல்ட் நெகிழ்ந்து கொடுப்பதால் வாய் லேசான உப்பலோடு அமையும், உறுதியாகவும் இருக்கும். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாதாரண மாடலில் பெல்ட் அரை அங்குலம், கென் ஆனியன் மாடலில் முக்கால் அங்குலம். உள்வளைவுக்குக் குறுகலானதே மேல். ஆனால் கிளிமூக்கின் இறுக்கமான வளைவில் அதன் ஓரமும் இடிக்கும். வேகம் கூடினால் மெல்லிய வாய் சூடேறிப் பதம் இறங்கும், அதாவது எஃகின் கடினம் குறையும் ஆபத்தும் உண்டு. முனை பெல்ட்டைத் தாண்டி வழுக்கினால் ஒரே நொடியில் உருண்டுவிடும். பத்து இருபது கத்தி வைத்திருப்பவருக்கு இது சரி, ஒன்றிரண்டுக்குத் தேவையில்லை.

என் தேர்வு ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர். ஒரு அடிப்பலகையில் சாய்வாகச் செருகிய முக்கோண பீங்கான் குச்சிகள், அவ்வளவுதான். பழுப்பு நிறக் குச்சி இரண்டு நடுத்தரம், வெள்ளை இரண்டு நைஸ். குச்சிகள் ஏற்கெனவே சாய்ந்திருப்பதால் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து நேரே கீழே இழுத்தால் போதும். பக்கத்துக்கு 20 அல்லது 15 டிகிரி வந்துவிடும். சாய்வாகப் பிடிப்பதைவிட நேராகப் பிடிப்பது யாருக்கும் எளிது. தண்ணீரும் எண்ணெயும் வேண்டாம்.

கிளிமூக்குக்கு இதில் உயிர்நாடியே குச்சியின் முக்கோண மூலைதான். தட்டை முகத்தை மறந்துவிட்டு மூலையில் மட்டும் இழுக்க வேண்டும். வளைவின் அடியில் மூலை சரியாக உட்கார்வது கையில் தெரியும். ‘சர்ர்’ என்ற ஒரே சீரான ஓசை வரும். ஓசை கரகரவென்று மாறினால் அந்த இடத்தில் வாய் இன்னும் மழுங்கல் என்று அர்த்தம். முனை குச்சியை விட்டு நழுவும் முன் நிறுத்திவிடுங்கள், நழுவ விட்டால் முனை மழுங்கும். பத்து இழுப்புக்குப் பிறகு மறுபக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி மெல்ல நகர்த்தினால், நகத்தில் சொரசொரவென்று பிசிறு, அதாவது தீட்டும்போது மறுபக்கம் மடியும் மெல்லிய எஃகு ஓரம், தட்டும். வளைவு முழுக்க அந்தப் பிசிறு வந்தபிறகே பக்கம் மாற்ற வேண்டும்.

குறையும் உண்டு. ரொம்ப மழுங்கிய வாய்க்கும், கோணத்தையே மாற்றவும் இது மெதுவானது. எஸ்30வி போல 4 விழுக்காடு வனேடியம் கலந்த எஃகானால் அதில் உள்ள கார்பைடு துகள்கள் பீங்கானைவிடக் கடினம். அதற்கு வைரக் குச்சிகளைத் தனியே வாங்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி, நானும் முதலில் இதில்தான் கற்றேன். கட்டைவிரல் தடிமனுள்ள உருண்டைக் கட்டையிலோ பிவிசி குழாய்த் துண்டிலோ பெயின்ட் கடை வாட்டர் பேப்பரைச் சுற்றி ஒட்டுங்கள். முதலில் 400 எண் தாள், அப்புறம் இன்னும் நைஸான 800, கடைசியில் 1500. வாய் பின்னால் வரும்படி மட்டும் இழுக்க வேண்டும், எதிர்த்துத் தள்ளினால் காகிதம் கிழியும். கோணத்தைக் கைதான் காக்க வேண்டும் என்பதைத் தவிர, உள்வளைவுக்கு இது விலை உயர்ந்த பல கருவிகளைவிட ஒழுங்காக வேலை செய்யும்.

செடிகளுக்கு ஒட்டுக்கட்டும் கத்தி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டியது. ஷார்ப்மேக்கரிலோ லான்ஸ்கியிலோ இரண்டு பக்கமும் தேய்த்துவிடாதீர்கள். சரிவுப் பக்கத்தைத் தீட்டிவிட்டு, தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுவதும் படியவைத்து இரண்டு முறை இழுத்துப் பிசிறை மட்டும் எடுத்தால் போதும்.