"பசுமை வீடு" என்று சொல்லி 28,600 வெள்ளியை விழுங்கிவிட்டார்கள்: பினாங்கில் வீடு புதுப்பிக்கிறவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 28,600 வெள்ளி. இபிஎஃப் சேமநிதியின் மூன்றாம் கணக்கில் கிடந்ததைத் துடைத்தெடுத்து, மிச்சத்துக்கு மனைவியின் சீட்டுப் பணத்தையும் போட்டுக் கொடுத்தது. வீடு இன்னும் கொதிக்கிறது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு முன்பைவிட மோசம்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். புகார் போட்டிருப்பதால் இப்போது சொல்ல முடியாது. வகையைச் சொல்கிறேன். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்று இருக்கிறது. அதில் "ஆரோக்கியமான வீடு, குறைந்த மின்சாரம், சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று விளம்பரம் போட்டுக்கொண்டு, பச்சை இலைச் சின்னமும் "சரிபார்க்கப்பட்டவர்" என்ற முத்திரையும் வைத்திருந்த ஒரு வடிவமைப்பு நிறுவனம். கடைசியில் நீங்கள் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஆயர் ஈத்தாம் பக்கம். 90களில் கட்டிய இரட்டை மாடித் தொடர் வீடு, பின்பக்கம் மேற்கே பார்த்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மாடி அறையில் யாரும் படுக்க முடியாது. ஏர்கோனை 18இல் வைத்தாலும் இராத்திரி பத்து மணி வரைக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். அம்மா அந்த அறையில்தான் இருக்கிறார்.

தைப்பூசத்துக்கு முன்னால் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். "வந்தார்" என்று எழுத மனம் வரவில்லை. நல்ல தமிழ், வாசலிலேயே காலணியைக் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்தான், அம்மாவைப் பார்த்ததும் "மூச்சு எப்படிம்மா இருக்கு, இராத்திரியிலதான் அதிகமா?" என்று கேட்டான். அப்புறம் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்தான். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடிப்பார்களே, அந்த வகை. அதை அம்மா கையிலேயே கொடுத்து, "நீங்களே சிலிங்கைப் பார்த்து அமுக்குங்கம்மா" என்றான். 41. "இப்போ தரையைப் பாருங்க." 29. அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார். "அண்ணே, உங்க ஏர்கோன் ரூமையா குளிர வைக்குது? உங்க கூரையையும் சேர்த்துல்ல குளிர வைக்கப் பார்க்குது" என்றான் என்னிடம். அந்த நிமிடத்தில்தான் நாங்கள் அவனை நம்பினோம்.

என் ஆத்திரமே இதில்தான் இருக்கிறது. அவன் பேசியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நான் பிறகு விசாரித்துப் பார்த்துவிட்டேன், அத்தனையும் சரி. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரி சொச்சம்தான் வடக்கே இருக்கிறது, அதனால் வருஷம் முழுக்க நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். சுவரைவிடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது, அதற்கு அடுத்தது கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். தொடர் வீட்டில் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால், கூரையையும் மேற்குச் சன்னலையும் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது என்றான். உண்மை. அலுமினியத் தாள் போட்டால் பளபளப்புப் பக்கத்துக்கு முன்னால் காற்றிடைவெளி இருக்க வேண்டும், எதன்மீதாவது ஒட்டிப் படுக்கவைத்தால் வெப்பம் அப்படியே கடந்து போகும் என்றான். அதுவும் உண்மை. ஜோர்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் நடுவில் வானம் பார்த்த முற்றம் எதற்கு வைத்தார்கள், சூடான காற்று மேலே ஏறி வெளியே போகத்தான், உங்கள் வீட்டில் அது போக வழியில்லை, கூரையில் ஒரு சுழல்விசிறி வைப்போம் என்றான். 1984 கட்டட விதிப்படி அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னல் இருக்க வேண்டும், அதில் பாதியளவாவது திறந்து காற்று வர வேண்டும் என்று சட்டத்தையும் ஒப்பித்தான்.

அம்மாவின் இழுப்புக்கும் ஒரு பாடம் நடத்தினான். அலமாரிப் பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும், நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் இன்னும் அதிகமாக வரும். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. "அம்மாவுக்கு அந்த வாயு ரொம்பக் குறைவா வர்ற ஈ-ஜீரோ பிளைவுட்தான் போடணும்ணே, மத்தது வேண்டாம்." கூடவே தட்டைக் கணினியில் ஒரு சான்றிதழ், ஜிபிஐ பசுமைக் கட்டடக் குறியீடு, கோல்டு தரம்.

அந்த ஜிபிஐ 2009இல் கட்டடக் கலைஞர் சங்கமும் ஆலோசனைப் பொறியாளர் சங்கமும் சேர்ந்து கொண்டுவந்த தரவரிசை. ஒவ்வொரு கட்டடத்தையும் சோதித்து, மின்சாரம், உட்புறக் காற்று, தண்ணீர் என்று புள்ளி போட்டு அந்தக் கட்டடத்துக்குத் தருவது. அவன் காட்டியது யாரோ கட்டிய அலுவலகக் கட்டடத்துக்குக் கிடைத்த சான்றிதழ். இவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை.

கணக்கு இது: கூரைக்கு வெப்பத்தைத் தடுக்கும் ராக்வூல் இன்சுலேஷனும் சுழல்விசிறியும் 9,800. மேற்குச் சன்னல்களுக்கு வெப்பத்தைத் திருப்பும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி 7,400. ஈ-ஜீரோ பலகையில் அம்மா அறை அலமாரியும் சமையலறை அலமாரியும் 11,400. ஆக 28,600 வெள்ளி. பாதிப் பணம் முன்கூட்டியே, பிறகு சாமான் வந்ததும், பிறகு சாவி தரும்போது. செயலியில் வந்த விலைப்பட்டியலிலேயே அவர்களுடைய வங்கிக் கணக்கு எண் அச்சாகியிருந்தது, அதில்தான் கட்டினேன். இந்த விஷயம் பின்னால் வரும், மறந்துவிடாதீர்கள்.

வேலை நடந்தபோது லோரியில் ராக்வூல் கட்டுகள் வந்ததை நானே பார்த்தேன். சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது சிலிங்கில் ஆள் ஏறுவதற்கு இருக்கும் மேன்ஹோலைத் திறந்து, "பாருங்கண்ணே" என்று டார்ச் அடித்துக் காட்டினார்கள். மஞ்சளாக மெத்தை மெத்தையாகத் தெரிந்தது. வெளியே கூரையில் சுழல்விசிறி ஜோராகச் சுற்றியது. கடைசித் தவணையையும் வாங்கிக்கொண்டு அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான், படுபாவி.

மாடி அறை கொஞ்சமும் குளிரவில்லை. தெனாகா மின்சார பில்லும் இறங்கவில்லை. புது அலமாரியைத் திறந்தால் கண்ணில் நீர் வந்தது, அம்மா தன் துணிகளை எடுத்து மறுபடியும் பழைய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கேட்டதற்கு வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். "புது வீட்டு வாசனைண்ணே, அன்னாசிப்பழத்தை வெட்டி உள்ளே வைங்க." வைத்தோம், எறும்புதான் வந்தது. "இந்த வருஷம் வெயில் அதிகம்." "ஏர்கோன் பழசு, அதை மாத்துங்க, எங்ககிட்டயே நல்ல இன்வெர்ட்டர் இருக்கு." அப்புறம் "மீட்டிங்ல இருக்கேன்". அப்புறம் வாட்சப்பில் நீலக் குறி மட்டும். இப்போது அதுவும் இல்லை, ஒற்றைச் சாம்பல் குறியோடு நிற்கிறது.

போன வாரம் மாடியில் ஃபேன் மாற்ற வயரிங் தம்பி ஒருவர் வந்தார். மேன்ஹோல் வழியாக ஏறி உள்ளே தவழ்ந்து போனவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்: "அண்ணே, இன்சுலேஷன் போட்டிருக்குன்னு சொன்னீங்களே, எங்கே?"

நானும் ஏறினேன். மேன்ஹோலைச் சுற்றிக் கைக்கு எட்டுகிற தூரம் வரைக்கும்தான் ராக்வூல். வாசலில் நின்று டார்ச் அடித்தால் எவ்வளவு தெரியுமோ, அளந்து வைத்த மாதிரி அவ்வளவுதான். அதற்கு அப்பால் வெறும் சிலிங் பலகை, முப்பது வருஷத் தூசி, ஒரு பழைய குருவிக்கூடு. மீதிக் கட்டுகள் வந்த லோரியிலேயே திரும்பிப் போயிருக்க வேண்டும். சுழல்விசிறி இன்னும் அழகு. கூரை ஓடு ஒன்றை எடுத்துவிட்டு அதைப் பொருத்தியிருக்கிறார்கள், ஆனால் ஓட்டுக்கு அடியில் இருந்த பழைய அலுமினியத் தாளை வெட்டவே இல்லை. வெளியே விசிறி சுற்றுகிறது, உள்ளேயிருந்து ஒரு மூச்சுக் காற்றுகூடப் போக வழியில்லை. கோயில் கோபுரப் பொம்மை மாதிரி கூரைமேல் நிற்கிறது.

அத்தோடு விடவில்லை. தெரிந்த கண்ணாடிக் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் இருட்டிய பிறகு வந்து சன்னல் முன்னால் லைட்டரைப் பற்றவைத்தார். இரட்டைக் கண்ணாடியில் சுடர் நான்காகத் தெரியும், பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருக்கும். எங்களுடையதில் நான்கும் ஒரே மஞ்சள். பூச்சும் இல்லை, ஒன்றும் இல்லை, சாதாரணக் கண்ணாடி இரண்டைச் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். அலமாரியின் பின்பலகையைத் திருகாணி கழற்றிப் பார்த்தால் உள்ளே பிளைவுட்டே கிடையாது, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, வெட்டிய ஓரங்கள் மூடாமல் திறந்து கிடக்கின்றன. வாயு வராமல் வேறு என்ன வரும்? ஈ-ஜீரோ முத்திரை கதவு ஒன்றில் மட்டும் இருந்தது. ஸ்டிக்கர். நகத்தால் உரித்தேன், வந்துவிட்டது.

செயலிக்காரர்களிடம் போனேன். முதலில் ஒரு தானியங்கிப் பதில், "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்". அப்புறம் ஒரு பெண் பேசினார், நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "நாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே. பணம் நேரடியாக அவர்கள் கணக்குக்குப் போனதால் எங்கள் பாதுகாப்புத் திட்டத்தில் வராது." அந்தக் கணக்கு எண் உங்கள் விலைப்பட்டியலில்தானே இருந்தது என்றேன். மேலதிகாரியிடம் சொல்கிறேன் என்றார். மறுநாள் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருந்தது. யாருக்குத் தீர்ந்தது? அந்தச் "சரிபார்க்கப்பட்டவர்" முத்திரை நேற்று இரவு பார்க்கும்போதும் அப்படியே இருக்கிறது. நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தைத்தான் காணவில்லை.

சரி, சொன்னபடி எச்சரிக்கைகள். நிறைய எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கொன்ட்ரெக்டர் சிஐடிபி என்ற கட்டுமானத் தொழில் வாரியத்தில் பதிந்தவரா என்று அவர்கள் இணையத்தளத்திலேயே தேடிப் பாருங்கள். சான்றிதழ் காட்டினால் அது யாருக்கு, எந்தக் கட்டடத்துக்குத் தந்தது என்று படியுங்கள். இன்சுலேஷன் போட்டால் மேன்ஹோலில் தலையை மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள், தூரத்து மூலை வரைக்கும் ஆள் அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் கடைசித் தவணை கிடையாது. பலகை வெட்டப்படுவதற்கு முன் முழுப் பலகையில் இருக்கும் முத்திரையையும் கடை ரசீதையும் பாருங்கள். இரட்டைக் கண்ணாடி என்றால் லைட்டர் போதும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் படிவம் 1 போட்டாயிற்று. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. என் 28,600 அதற்குள் அடங்கும். தீவிலோ பட்டர்வொர்த் பக்கமோ இதே மாதிரி பச்சை இலை போட்டவர்களிடம் வேலை கொடுத்திருந்தால், இன்றைக்கே ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். படம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், என் விசாரணைக்கு உதவும். கடைசித் தவணை இன்னும் உங்கள் கையில் இருந்தால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.