உப்புக் காற்றில் ஒரு விட்ஸ்

5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்று, 40,000 வந்தால் டயரைப் பார் என்று கார் வாங்கும்போது எல்லோரும் சொல்வார்கள். திருகோணமலையில் கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு பாதிதான் உதவும். என்னுடையது 2012 தயாரிப்பு டொயோட்டா விட்ஸ். 996 சிசி, மூன்று சிலிண்டர், தானாக மாறும் சிவிடி கியர். ஜப்பானில் ஓடி றீகண்டிஷனாக வந்த கார், 2020 வாகன இறக்குமதித் தடைக்கு முன்பே வாங்கியது. உப்புவெளியில் வீடு, நகரத்துக்குள் வேலை, இடையில் நாலைந்து கிலோமீற்றர்தான். எப்போதாவது கொழும்பு, மட்டக்களப்பு. இத்தனை வருடத்தில் ஓடித் தேய்ந்து போனது என்றால் முன் பிறேக் பாட் மட்டும்தான். மற்றதெல்லாம் உப்பும் வெயிலும் தின்றவை, அல்லது கார் சும்மா நின்றதால் கெட்டவை.

அதிகம் செலவு வைத்தது ஏசி. சூடான கச்சான் காற்று வீசும் ஒரு காலத்தில் குளிர் குறைந்தது. நகரத்தில் ஒரு கடையில் காஸ் நிரப்பித் தந்தார்கள், நன்றாக வேலை செய்தது. சில மாதத்தில் திரும்பவும் அதே கதை, திரும்பவும் காஸ். ஏசி என்பது மூடிய சுற்று. பெற்றோலைப் போல காஸ் எரிந்து தீர்வதில்லை. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, அதைத் தேடாமல் நிரப்புவது காசைக் கடலில் போடுவதுதான். கடைசியில் எனக்கு வழமையாக வேலை செய்யும் கராஜ் நானா சாயம் ஏற்றி, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். முன் கிரில்லுக்குப் பின்னால் ரேடியேற்றருக்கு முன்னே நிற்கும் கண்டென்சரின் அடிப்பகுதியில் பச்சையாக மின்னியது. அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தன. "இது கல்லடிச்ச ஓட்டை இல்ல சேர், உப்பு அரிச்சது. கடற்கரைப் பக்கம் நிக்கிற எல்லாக் காருக்கும் இதான்" என்றார். புதுக் கண்டென்சர் போட்டபிறகு காஸ் குறையவில்லை. இப்போது காரைக் கழுவும்போதெல்லாம் கிரில் வழியாகக் கண்டென்சருக்கும் தண்ணீர் விடுகிறேன். பிரஷர் கன்னை அதன்மேல் நேராகப் பிடிக்கக் கூடாது, தகடு மடங்கிவிடும். தோட்டக் குழாய்த் தண்ணீரே போதும்.

கீழ்ப்பக்கத் துரு அடுத்த தலையிடி. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக் காற்று கடலிலிருந்து நேராக வீட்டுக்குள் வரும். முற்றத்தில் நிற்கும் காரில் காலையில் விரலை வைத்தால் ஒட்டும். சில்லு வளைவின் உள்விளிம்பு, சைலன்சர் மூட்டு, பிறேக் பைப்பைப் பிடிக்கும் கிளிப், இவைதான் முதலில் போகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அண்டர்வாஷ், நிலாவெளிக்கோ மார்பிள் பீச்சுக்கோ போய் வந்தால் அன்றே ஒரு தடவை. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, வெளியில் பெயின்ட் பளபளக்கக் கதவு உள்ளிருந்து உக்கும். ஒரு ஈர்க்குக் குச்சியால் குத்திவிட்டால் சரி. பழைய எஞ்சின் ஒயிலைக் கீழே அடித்தால் துரு பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். நான் அடிக்க விடுவதில்லை. ஒயில் பட்டால் கீழே மூட்டுகளில் இருக்கும் இறப்பர் புஷ்கள் ஊதிப்போகும், அதன்மேல் மணலும் அப்பிக்கொள்ளும்.

எஞ்சின் ஒயில் விஷயத்தில் நான் கிலோமீற்றரைப் பார்ப்பதில்லை. நாலு கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் காரில் ஒயில் முழுதாகச் சூடாகாது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போகாமல் ஒயிலிலேயே தங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில், கூடவே பில்டர். ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதுதான். இந்த எஞ்சினில் டைமிங் செயின் இருப்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஆனால் ஒயிலைக் கவனிக்காவிட்டால் அந்தச் செயினுக்கும் ஆயுள் இல்லை. கூலன்ட்டுக்கு ரோஸ் நிறத்தில் கலந்தே வருவதைத்தான் வாங்குகிறேன். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் ரேடியேற்றருக்குள்ளும் அரிப்புதான்.

பற்றறிக்கு வெயில்தான் எமன். இங்கே மூன்று வருடம் தாங்கினால் நல்ல பற்றறி. இரவு நிறுத்திய கார் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிம்மதி, 12.2க்குப் போனால் பாதிதான் மிச்சம். ஸ்டார்ட் ஆன பிறகு 14க்குக் கிட்ட வர வேண்டும், வராவிட்டால் பற்றறியைக் குறை சொல்லாமல் அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டர்னேற்றரைப் பார்க்க வேண்டும். மலிவான மல்டிமீற்றர் ஒன்று போதும். (பற்றறி கழற்றிப் போட்டால் ஜப்பானிய ரேடியோ பூட்டிக்கொண்டுவிடுமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. என் காரில் ரேடியோ தப்பியது. ஈடிசி அட்டை (ஜப்பானில் நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டும் அட்டை) செருகவில்லை என்று தினமும் காலையில் ஜப்பானிய மொழியில் புகார் சொல்லும் பெண்ணும் தப்பிவிட்டாள்.)

கார் சும்மா நின்றால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல், அதற்கு முன்பு பல நாள் அதுவும் இல்லை. வாரக்கணக்கில் ஹாண்ட்பிறேக் இழுத்தபடி நின்ற காரின் பின் டிரம் பிறேக் துருவில் ஒட்டிக்கொண்டது. நானா சுத்தியலால் தட்டித்தான் கழற்றினார். இப்போது இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிறுத்துவதென்றால் சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் கியரில் விட்டு, சில்லுக்குக் கல் முட்டுக் கொடுக்கிறேன், ஹாண்ட்பிறேக் இழுப்பதில்லை. பிறேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம்முடைய ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். திருகோணமலைச் சமவெளியில் அது தெரியாது, கண்டியிலிருந்து இறங்கும்போது தெரியும்.

டயரில் பூக்கள் (தரையைப் பிடிக்கும் வெட்டுகள்) நிறைய இருந்தாலும் தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டியதும் நான் வெடிப்புத் தேட ஆரம்பித்துவிடுவேன். ஹபரணை வீதியில் கந்தளாய் தாண்டிய பிறகு, யானை வரும் காட்டுப் பக்கத்தில் பொழுதுபட்ட நேரம் டயர் மாற்றி நிற்க யாருக்கும் விருப்பம் இருக்காது. காற்று அழுத்தம் சாரதிக் கதவுத் தூணில் கிலோபாஸ்கலில் இருக்கும். 220 என்றால் பெற்றோல் செற்றில் 32 (பிஎஸ்ஐ) என்று சொன்னால் சரி. காலையில், டயர் சூடாகும் முன் அடிக்க வேண்டும்.

உதிரிப்பாகத்தில் என் கொள்கை இதுதான். பிறேக், ஸ்டியரிங், சிவிடி ஒயில் இவற்றுக்கு ஒறிஜினல், கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தாலும் பரவாயில்லை. கதவுக் கைபிடி, கண்ணாடி மோட்டார், லைட் போன்றவற்றுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளின் பழசு நல்லது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது எல்லாவற்றுக்கும் மலிவு மாற்று வாங்கினவர்கள் உண்டு. மலிவு ஏர் பில்டர் மோசமில்லை என்பேன், கச்சான் தூசியில் அதை எப்படியும் அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். மலிவு பிறேக் பாட் வேண்டாம்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தபோது விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாமா என்று விலை விசாரித்தேன். வரியோடு வந்த தொகையைக் கேட்டதும் அந்த எண்ணம் போய்விட்டது. புகைப் பரிசோதனை இந்த முறையும் முதல் தடவையிலேயே தேறியது. முன் லோவர் ஆம் புஷ் இரண்டும் வெடித்திருக்கின்றன, இடது பின் வளைவில் துரு ஒரு விரலளவு. இரண்டையும் ஐப்பசிக்கு முன் செய்ய நானாவிடம் நாள் கேட்டிருக்கிறேன்.