டிராப்பர்னு சொல்லி மஸ்க்ராட் அனுப்பிட்டான், 680 வெள்ளி போச்சு

மடக்குக்கத்தி சேர்க்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. டிராப்பர், மஸ்க்ராட் ரெண்டும் மடக்குக்கத்தி வகைங்க. பினாங்கு ஜார்ஜ் டவுன்ல பழைய சாமான் விக்கிற கடை ஒண்ணு, ராத்திரியில லைவ் போட்டு விப்பாங்க. கோலாலம்பூர்ல இருந்து 680 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பி வாங்கினேன். கடைப் பேரை இங்க போடலை, போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கேன்.

நான் கேட்டது அமெரிக்காவுல கத்தி செய்யற கேஸ் கம்பெனியோட 6254 டிராப்பர், 1970-ல செஞ்சது. அந்த வருஷம்தான் முதல்முதலா பிளேடு அடியில இருக்கிற முத்திரைக்குக் கீழ பத்துப் புள்ளி வச்சாங்க, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணாக் குறைச்சாங்க. அதனால பத்துப் புள்ளிக்கு எப்பவும் கிராக்கி.

நம்பிக்கை வந்ததே அவன் பேசின பேச்சுலதான். இங்க மத்த கடையில டிராப்பர்னா முழிப்பாங்க, எல்லாமே அவங்களுக்கு ‘பீசாவ் லிப்பாட்’ (மலாய்ல மடக்குக்கத்தி). இவன் போன்ல, "அண்ணே, 6-ன்னா எலும்புப் பிடி, 2-ன்னா ரெண்டு பிளேடு, 54 டிராப்பர் நம்பரு. ஒண்ணு கூர்முனை கிளிப் பிளேடு, ஒண்ணு மழுங்குன முனை ஸ்பே பிளேடு, ரெண்டும் ஒரே முனையில இருந்து திறக்கும். நானும் சேர்க்கிறவன்தாண்ணே, உங்ககிட்ட விளையாடுவேனா?"ன்னான். ஸ்பே முனை ஏன் மழுங்கலா இருக்குன்னுகூட விளக்கினான், தோலுரிக்கும்போது குத்திக் கிழிக்கக் கூடாதாம். காட்டின படமும் சுத்தமான டிராப்பர். டூயிட்நவ்ல (போன்லயே பேங்க் காசு அனுப்புறது) காசு போயிடுச்சு.

பார்சல்ல வந்தது மஸ்க்ராட்! ரெண்டுமே ஒல்லிக் கிளிப் பிளேடு, அந்த முனையில ஒண்ணு, இந்த முனையில ஒண்ணு. ஸ்பே கிடையவே கிடையாது. புள்ளி பத்து இருக்கு, ஆனா ‘கேஸ்’ல வர்ற எஸ் எழுத்து மின்னல் மாதிரி வெட்டி நிக்குது. அது 1980 முத்திரை. அந்த வருஷமும் பத்துப் புள்ளியில இருந்துதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. பிடியை லென்ஸ் வச்சுப் பார்த்தேன், எலும்புல தெரியிற நுண்துளை ஒண்ணுகூட இல்ல. பிளாஸ்டிக். இதுக்கா 680 வெள்ளி?

போன் போட்டா, "ரெண்டு பிளேடு இருந்தா டிராப்பர்தானே அண்ணே, ஆளாளுக்கு ஒரு பேரு சொல்வாங்க"ங்கிறான். விக்கும்போது ஸ்பேக்குப் பாடம் எடுத்தவனுக்குப் பணம் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு! அப்புறம் பையன் பார்சலை மாத்திட்டான்னான். அப்புறம், "தைப்பூசம் முடியட்டும்ணே." அதுவும் முடிஞ்சுது. இப்போ புளூ டிக் மட்டும் விழுது. கடை நம்பருக்கு அடிச்சா ஒருத்தன் எடுத்து, "போஸ் தாக் அடா" (முதலாளி இல்ல)ங்கிறான். பின்னால இவன் பேசற சத்தம் எனக்கே கேட்குது.

விவரமா நாலு விஷயம் எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இருக்கிற கோவத்துல இவ்வளவுதான் வருது. எல்லா பிளேடையும் திறந்து, உங்க பேரு எழுதின துண்டுச்சீட்டைப் பக்கத்துல வச்சு வீடியோ கேளுங்க. டேங்கோட (பிளேடு பிடிக்குள்ள போற அடிப்பகுதி) ரெண்டு பக்கமும் காட்டச் சொல்லுங்க, நம்பர் அங்கதான் இருக்கும். ஆங், இன்னொண்ணு. அவன் லைவ்ல இப்போ ‘பார்லோ’ன்னு ஒண்ணு ஓடுது. அதுவும் ஒரு மடக்குக்கத்தி வகை. பார்லோவுக்கு முன்பக்கப் போல்ஸ்டர் (பிடி முனையில வர்ற உலோகப் பட்டை) நல்ல நீளமா இருக்கணும், அதுல விரல் நகம் அளவுதான் இருக்கு. தொடாதீங்க.

நாளைக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போடறேன். கட்டணம் 5 வெள்ளி. 680 போனது போதாதுன்னு இன்னொரு 5.