மாமா போன பிறகு எந்தக் கதவைத் தட்டுவது: லீஜியனா, மோத்தா?

மாமாவின் பதினாறாம் நாள் கருமாதி முடிந்த சாயங்காலம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையலறையில் மாமி ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தால், கடற்படைத் தொப்பியைச் சுற்றிக் கட்டும் கறுப்பு ரிப்பன், அதில் மங்கிப்போன தங்க எழுத்தில் எஸ்ஏஎஸ் ஜல்சேனா. அடியில் நாலாக மடித்த ஒரு விடுமுறைச் சீட்டு. "இதுக்கு ஏதாவது கிடைக்குமாப்பா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக எட்டு மாதம் அலைந்தவன் எழுதுகிறேன்.

மாமா எழுபதுகளின் கடைசியில் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், இந்தியர்களுக்கென்று இருந்த ஜல்சேனா கடற்படைப் பயிற்சித் தளத்தில் பயிற்சி எடுத்தவர். அந்தக் காலத்தில் கட்டாய ராணுவச் சேவை வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான். இந்திய வம்சாவளி நம்மாட்கள் போனது தாங்களாகவே. மாமா போனது சம்பளத்துக்காக. ஆனால் நிறவெறி அரசின் உடுப்பைப் போட்டவன் என்று தெருவில் பேசுவார்களே என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, எந்த முன்னாள் வீரர் சங்கத்திலும் சேரவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், எங்களுக்கு எது ஒத்துவந்தது என்பதை இந்த மௌனம்தான் தீர்மானித்தது.

டர்பனில் எங்களுக்குத் தெரிந்த கதவுகள் இரண்டு, இரண்டும் முன்னாள் படைவீரர் சங்கங்கள். ஒன்று மோத், இன்னொன்று தென்னாப்பிரிக்க லீஜியன். இரண்டும் லாபநோக்கில்லாதவை, தொண்டர்களால் ஓடுபவை, கிட்டத்தட்ட நூறு வயதானவை. இரண்டிலும் பெரிய பணத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மோத் நம்ம ஊரிலேயே பிறந்தது. 1927இல், இங்கே நேட்டால் மெர்க்குரி பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்த சார்லஸ் எவெண்டன் தொடங்கியது. குண்டு துளைத்த இரும்புத் தொப்பி, அதன்மேல் எரியும் மெழுகுவர்த்தி, இதுதான் அவர் வரைந்த படம். கிளைக்கு ஷெல்ஹோல் என்று பெயர், அதாவது குண்டு விழுந்த பள்ளம். தலைவரை ஓல்ட் பில் என்பார்கள். வயதான வீரர்களுக்குக் குடியிருப்புகள் உண்டு, பெண்களுக்குத் தனி அணியும் உண்டு. நான் ஒரு ஷெல்ஹோலுக்கு இரண்டு முறை போனேன். டீ கொடுத்து உட்காரவைத்து, மாமாவைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள். ஆனால் அவரைத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. அந்த இடத்தின் பலமே தோழமைதான். இருபது வருஷம் கூட உட்கார்ந்தவனின் மனைவிக்கு அவர்கள் ஓடிவருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமா உட்காரவில்லையே. இது ஒரே ஒரு ஷெல்ஹோலை வைத்துச் சொல்வது, உங்கள் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கலாம்.

லீஜியன் 1921இல் கேப் டவுனில் தொடங்கியது, முதல் உலகப் போர்த் தளபதிகள் ஸ்மட்ஸ், ஹெய்க் காலத்து அமைப்பு. நவம்பர் 11ஐ ஒட்டி மால் வாசலில் சிவப்புப் பாப்பிப் பூவோடு உண்டியல் குலுக்குகிறார்களே, அவர்கள்தான். அங்கேயும் மாமாவை யாருக்கும் தெரியாது, ஆனால் கேட்ட முதல் கேள்வியே வேறு: "ஃபோர்ஸ் நம்பர் இருக்கிறதா?"

விஷயமே, படையில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் இந்த நம்பரில்தான் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் 18ஆம் எண் முன்னாள் ராணுவ வீரர் சட்டம் 1960 முதல் 1994 வரை எந்தத் தரப்பில் சேவை செய்தவரையும் முன்னாள் வீரராக ஏற்றுக்கொள்கிறது. விடுதலை இயக்கப் படையில் இருந்தவரும் அதில் உண்டு, மாமா மாதிரி எதிர்ப்பக்கத்து உடுப்பில் இருந்தவரும் உண்டு. ஈமச்சடங்கு உதவி, மருத்துவம், வீடு, படிப்பு, மனநல ஆலோசனை என்று பட்டியல் நீளம். ஆனால் சேவை செய்தார் என்று காட்டாமல் எதுவும் நகராது. பழைய கோப்புகள் பிரிட்டோரியாவில், பாதுகாப்புத் துறை ஆவண மையத்தில். எங்களிடம் விடுவிப்புச் சான்றிதழ் இல்லை, இருந்தது அந்த விடுமுறைச் சீட்டு மட்டும், அதிலும் நம்பரின் கடைசி இலக்கம் மடிப்பில் தேய்ந்திருந்தது. லீஜியன் தொண்டர், எழுபது தாண்டிய வெள்ளைக்காரர், அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "மூன்றாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம், இரண்டையும் எழுதுவோம்" என்றார்.

அடுத்தது பெயர். கடற்படையில் மூட்லி, அடையாள அட்டையில் முதலி, கல்யாணச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். நம் வீடுகளில் இது புதிதா என்ன, அண்ணன் தம்பிக்கே இரண்டு விதமாக இருக்கும். போதாக்குறைக்கு, மாமாவும் மாமியும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பல வருஷம் கழித்துத்தான் பதிவு செய்தார்கள், அதனால் மூத்த மகள் பிறந்த தேதிக்குப் பிறகுதான் கல்யாணத் தேதியே வருகிறது. நாங்களாகப் போன ஒரு அலுவலகத்தில் கோப்பை அப்படியே திருப்பித் தந்து, வீரரையே நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இறப்புச் சான்றிதழ் அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தது! லீஜியன்காரர் இதையெல்லாம் பார்த்து அசரவில்லை. எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம், மாமியின் கல்யாணத்துக்கு வந்திருந்த சித்தி பெயரில் இன்னொன்று, இரண்டும் போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை குத்தி வாங்குங்கள் என்று தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். எங்களை யாரும் உறுப்பினரா என்று கேட்கவே இல்லை.

ஐந்தாம் மாதம் பிரிட்டோரியாவிலிருந்து சேவையை உறுதி செய்யும் கடிதம் வந்தது. எட்டுதான் சரி. ஈமச்சடங்கு உதவிக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதனால் லீஜியன் வழியாகப் போனால் பணம் கிடைத்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். பேரப்பிள்ளைகளின் படிப்புக்கோ 1994க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கோ நான் அலைந்ததும் இல்லை.

ஆள் உயிரோடு இருந்தால் என் பதில் மாறும். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மாமாவோடு பயிற்சி எடுத்த ஒரு பெரியவர் இருக்கிறார், தனியாள். அவரை ஷெல்ஹோலுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை மாட்டேன் என்றுவிட்டார். மூன்றாவது முறை, "அங்கே ஆட்டுக்கறி போடுவாங்களா?" என்று கேட்டார், சரி, பாதி வந்துவிட்டார் என்று வைத்திருக்கிறேன். இதற்கிடையில் அவருடைய ஃபோர்ஸ் நம்பரைக் கேட்டு என் போனில் பதிந்துகொண்டேன்.